மண் வண்டியைத் தார் ரோட்டுக்கு மாற்றிய விவரம்

அன்பும் மரியாதையும் கலந்து மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதும் மடல்.

பொருள்: ஷெட்டில் விட்டுச் சென்ற தங்கள் இருசக்கர வாகனம் – தங்களைக் கேட்காமல் மாற்றியமைத்தது – மன்னிப்புக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 'லீவு கிடைக்கல மாமா' என்று தாங்கள் போனில் தெரிவித்தது, மூன்று முறை.

இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் பெண் பாப்பாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வண்டியும் சௌக்கியம்தான், ஆனால் பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியுமா என்பது சந்தேகம். முப்பத்து நான்கு வருஷம் சாலைத் துறையில் மேற்பார்வையாளராகக் குப்பை கொட்டியவனுக்குப் பொருள், பார்வை போடாமல் சொந்த மாப்பிள்ளைக்குக்கூடக் கடிதம் எழுத வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. எங்கேயோ காட்டுப் பாதையில் பந்தயம் ஓட்டிவிட்டுத் தலையிலிருந்து கால்வரை சேறாக வந்தீர்கள். பூட்ஸோடு ஹாலுக்குள் ஓடிவந்து, 'மாமா, ரெண்டாவதா வந்துட்டேன்!' என்றீர்கள். வீட்டில் அத்தனை பேர் இருக்க, என்னிடம்தான் முதலில் சொன்னீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்காமல் தரையில் பதிந்த பூட்ஸ் தடத்தைப் பார்த்தேன். மனுஷன் சேற்றில் கால் வைக்கக்கூடாது என்று வாழ்நாள் முழுக்க ஜல்லியும் தாரும் கொட்டி ரோலர் உருட்டினவன் நான். என் வீட்டு மாப்பிள்ளை நல்ல ரோட்டை விட்டுவிட்டு மண்ணைத் தேடித் தேடிப் போய் விழுகிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. 'இந்த வீட்டுல ஒண்ணு மண்ணு இருக்கணும், இல்ல நான் இருக்கணும்' என்று கத்திவிட்டேன். 'சரி மாமா' என்றீர்கள். வண்டியை ஷெட்டுக்குள் தள்ளி, தார்ப்பாய் போட்டு மூடி, ஹாலை நீங்களே துடைத்துவிட்டு மறுநாள் கிளம்பிப் போனீர்கள். அதற்குப் பிறகு லீவு கிடைக்கவில்லை. லீவு கிடைக்காதது உங்கள் கம்பெனியின் தப்பு இல்லை என்று அத்தை சொல்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒட்டடை அடிக்கத்தான் ஷெட்டைத் திறந்தேன், சத்தியமாக வேறு எண்ணம் கிடையாது. தார்ப்பாயைத் தூக்கினால் உங்கள் வண்டி ஆளுயரத்துக்கு நிற்கிறது. சும்மா உட்கார்ந்து பார்ப்போமே என்று ஒரு ஆசை. ஒரு காலைப் போட்டேன், இன்னொரு கால் தரையைத் தேடியது, தரை எங்கேயோ கீழே இருந்தது, அவ்வளவுதான், நான், வண்டி, அலமாரியில் இருந்த நாலு பெயிண்ட் டப்பா எல்லாருமாகச் சேர்ந்து சாய்ந்தோம். சத்தம் கேட்டு அத்தை ஓடிவந்தாள். பூனை என்றேன். 'பூனைக்கு எப்பலேர்ந்து மூக்குக் கண்ணாடி?' என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கீழே விழுந்தவனைத் தூக்கிவிடக்கூட இல்லை. பெயிண்ட் வாசனையில் அப்படியே படுத்துக்கொண்டு வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தபோதுதான் அந்த யோசனை வந்தது. இந்த வண்டி ரோட்டில் ஓடினால் எனக்கு என்ன ஆட்சேபணை இருக்க முடியும்? எனக்கும் மண்ணுக்கும்தானே சண்டை, உங்களுக்கும் எனக்கும் இல்லையே!

மறுநாள் அதைத் தள்ளிக்கொண்டு மூன்று தெரு தாண்டி ஒர்க் ஷாப்புக்குப் போனேன். நம்பர் பிளேட் இல்லாத வண்டியைத் தள்ளத்தான் முடியும். எதிர்வீட்டுப் பல் டாக்டர் மாடியிலிருந்து, 'என்ன சார், புது வாக்கிங் ஸ்டிக்கா?' என்று கேட்டார். ஒர்க் ஷாப் நடத்துகிற அம்மாவை ஊரே ஸ்பேனர் அக்கா என்றுதான் கூப்பிடுகிறது. என்னைவிட இருபது வயசு சின்னவர், ஆனாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன், கையில் அத்தனை பெரிய ஸ்பேனர் இருக்கும்போது வேறு எப்படிக் கூப்பிடுவது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: 'சார், இது மண்ணுல குதிக்கிற வண்டி. ரோட்டுக்குன்னா முன் சக்கரம் இருபத்தோரு இஞ்ச், பின் சக்கரம் பதினெட்டு, ரெண்டும் வேணாம். ரெண்டுலயும் பதினேழு இஞ்ச், அகலமான ரிம்மு, வழவழன்னு ரோட்டு டயரு போடணும். முன்னாடி பிரேக் டிஸ்க் பெருசாக்கணும். முன் சக்கரத்தத் தாங்குற ஃபோர்க்கு ரொம்ப மெத்துன்னு இருக்கு, இறுக்கணும். உடம்பு மண் வண்டி, காலு ரோட்டு வண்டி. சூப்பர்மோட்டோன்னு சொல்லுவாங்க.' ஹெட்லைட், இண்டிகேட்டர், கண்ணாடி, ஹாரன் எதுவுமே உங்கள் வண்டியில் இல்லை என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை நாள் எதை நம்பி ஓட்டினீர்கள் மாப்பிள்ளை?

டயர் விஷயத்தில் எனக்கும் அக்காவுக்கும் பெரிய தகராறு. ரோட்டைப் பற்றி யார் யாருக்குச் சொல்வது? மலைப் பாதை போட்டபோது சோதனைக்காகத் துளைபோட்டு எடுத்த தார்த் துண்டு ஒன்று என் மேஜையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறதே, பாப்பா சின்ன வயதில் கேக் என்று நினைத்துக் கடித்தாளே, அதைப் பையில் போட்டுக்கொண்டு போய் ஒவ்வொரு டயரிலும் தேய்த்துப் பார்த்தேன். அரை நாள் தேய்த்தேன். கடைசியில் நான் பொறுக்கி எடுத்தது அக்கா முதலில் காட்டிய அதே டயர்தான். 'இதத்தான சார் நானும் சொன்னேன்' என்றார். உறுதி செய்தேன் என்றேன்.

மட்கார்டைக் கழற்றியபோது உள்ளேயிருந்து காய்ந்த மண் கட்டி கட்டியாக விழுந்தது. அக்கா தண்ணீர்க் குழாயை எடுத்தார். வேண்டாம் என்று குறுக்கே போய் நின்றுவிட்டேன், ஏன் என்று எனக்கே தெரியவில்லை. கட்டிகளைப் பொறுக்கி ஒரு காலி காப்பித்தூள் பாட்டிலில் போட்டு, பழைய பழக்கத்தில் சீட்டும் ஒட்டினேன்: 'மாதிரி எண் 1, மாப்பிள்ளை, முன் மட்கார்டு.' மண் முதல் தரம், மாப்பிள்ளை. கொஞ்சம் சரளை, கொஞ்சம் களி, அடித்தளத்துக்கு இதைவிட நல்ல மண் தேடினாலும் கிடைக்காது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, 'சார், உங்க ரோடு எல்லாம் எது மேல நிக்குது?' என்று கேட்டார். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

எல்லாம் பொருத்தி முடிந்து வண்டி வீட்டுக்கு வந்தது. ஹாரன் மட்டும் லாரி ஹாரன், அதுதான் கையிருப்பில் இருந்ததாம். சக்கரம் சிறிதானதில் உயரம் குறைந்து என் கால் கட்டைவிரல் இரண்டும் தரையைத் தொட்டன. நம் தெருவுக்குள் மட்டும் ஒரு நடை ஓட்டிப் பார்த்தேன், பதிவு செய்யாத வண்டியை ஓட்டியது குற்றம், எழுத்துமூலம் ஒப்புக்கொள்கிறேன். முதல் உதையில் வண்டி கிளம்பவில்லை, செருப்பு கிளம்பியது. கிளம்பிப் பல் டாக்டர் மாடிக்குப் போய்விட்டது. மூன்றாவது உதையில் வண்டியும் கிளம்பியது. தெரு முனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது பாருங்கள், இடுப்பு போகிறது, எலும்பு போகிறது என்று தெருவே மனுப் போட்டும், விதிமுறைப்படிதான் இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டு நிறுத்தி வைத்த வேகத்தடை, அது வருகிறது என்று பிரேக் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டேன். மாப்பிள்ளை, நான் பறந்தேன்! இரண்டு சக்கரமும் தரையில் இல்லை, அத்தை சாட்சி. கீழே வந்தபோது விழவில்லை. அந்த ஃபோர்க்கு என்னைப் பக்குவமாக வாங்கி இறக்கிவிட்டது. யாரோ ஓவென்று கத்துகிறார்களே என்று பார்த்தால் நான்தான். 'பல்லெல்லாம் இருக்கா சார்?' என்று டாக்டர் மேலே இருந்து கேட்டார். எனக்கு அப்போது யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. பூட்ஸோடு, செருப்போடு, எப்படியிருந்தாலும் அப்படியே உள்ளே ஓடிப்போய்ச் சொல்லணும் போல இருந்தது. சொல்வதற்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? அத்தைதான் நேரிலேயே பார்த்துவிட்டாளே. வண்டியைச் சாத்திவிட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தேன். அன்றைக்கு நீங்கள் எப்படி வந்து நின்றீர்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் பண்ணினது தப்பு மாப்பிள்ளை. பெரிய தப்பு.

இப்போது ஒரே ஒரு வேலைதான் பாக்கி. வண்டியைப் பதிவு செய்யப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். ரசீது உங்கள் பெயரில் இருப்பதால் உரிமையாளர் நேரில் வந்தால்தான் ஆகும் என்று ஆபீசர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விதி என்றால் விதிதான், நானும் அரசாங்கத்தில் இருந்தவன், திரும்பி வந்துவிட்டேன். ஆகவே பத்து நாள் லீவு போட்டுவிட்டு வர வேண்டியது. கையெழுத்துப் போட ஒரு நாள். மீதி ஒன்பது நாளுக்கு மலைப் பாதை இருக்கிறது. பதினோரு வளைவு, எல்லாம் நான் நின்று போட்டது. ஏழாவது வளைவில் வெளிப்பக்கத்தை நான்கு விரல் உயர்த்தினேன், மேலதிகாரி திட்டினார், மாற்றவில்லை. அதில் சரியாகச் சாய்ந்து திரும்புகிற ஒருவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை, பஸ்ஸும் லாரியும்தான் முக்கிக்கொண்டு போகின்றன. நீங்கள் அதில் வருவதைப் பார்க்க வேண்டும், இதுதான் என் ஆசை, வேறு ஒன்றுமில்லை. குடையோடு கல்லில் உட்கார்ந்து காத்திருக்கிறேன். திரும்பும்போது என்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள். 'ஒத்தை ஆள் வண்டி சார், பின்சட்டம் மெல்லிசு' என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். முட்டுக் கொடுத்து வெல்டிங் வைக்கச் சொல்லி, நான் கால் வைக்கப் பின்னால் இரண்டு கால்கட்டை போட்டாகிவிட்டது. நான் எடை குறைவுதான்.

பாப்பாவுக்கு என் ஆசிகள். வேகத்தடை விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று, எந்த ரோட்டில் போனாலும் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மாமா
(சாலைப் பணி மேற்பார்வையாளர், ஓய்வு)

பி.கு.: கடிதத்தை உங்கள் அத்தை படித்துவிட்டாள். உண்மையை எழுதினால்தான் உறையை ஒட்ட விடுவேன் என்று கோந்து பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். எழுதுகிறேன். ஆபீசர் உங்களை நேரில் வரச் சொல்லவில்லை. 'மாப்பிள்ளைகிட்ட ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக் குடுங்க, போதும் சார்' என்றுதான் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். காது கேட்காத மாதிரி வந்துவிட்டேன். அதனால் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும், நீங்கள் வர வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

இன்னொன்று. கழற்றின பழைய சக்கரம் ரெண்டையும், ஷெட்டில் எலி இருக்கிறது என்று சொல்லி, ஹாலில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். நீங்கள் அன்றைக்கு நின்ற இடத்தில்தான். கழுவல. தினம் கொஞ்சம் உதிருது, அத்தை பெருக்க வந்தா நான் விடறதில்ல. இப்ப இந்த வீட்டுல மண்ணும் இருக்கு, நானும் இருக்கேன். நீங்கதான் இல்ல மாப்பிள்ளை.