சிக்னல் சித்தரின் தங்கத் தகடு

எல்லையோர மத்திகிரியில் போனுக்குப் பாதி நேரம் கர்நாடக டவர்தான் கதி. "நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பில் இல்லை" என்பதைக் கன்னடத்தில் கேட்டுக் கேட்டு ஜனங்கள் சலித்துப் போயிருந்த நேரம் பார்த்து, கெலவரப்பள்ளி சாலையில் கொட்டகை போட்டு உட்கார்ந்தார் சிக்னல் சித்தர். அடேங்கப்பா, என்ன கூட்டம்! டவுன் பஸ்ஸே அவர் வாசலில் நின்றுதான் போனது.

எந்த ஊருக்கு 5ஜி கொடுப்பது என்று கம்பெனிக்காரர்கள் இன்னும் கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், படித்தவர்கள்! சித்தர் போனின் முதுகில் ஒரு தகடு ஒட்டுவார். திரையில் 5ஜி வந்து நிற்கும். 4ஜிக்குச் செம்பு போதுமாம். 5ஜி தங்கத்துக்குத்தான் மசியுமாம்.

"தோடோ மோதிரமோ போடுங்க தாயே, உருக்கித் தகடு பண்ணிடலாம்."

திரும்பி வந்ததென்னவோ பித்தளை. வீட்டுக்குப் போனதும் 5ஜி மறைந்துவிட்டால்? வீட்டில் தோஷம். அதற்குத் தனிப் பூஜை.

மங்கம்மாவும் வந்தாள். மகள் சௌமியாவுக்கு மறுநாள் வீடியோவில் வேலை இன்டர்வியூ. போன தடவை பாதியில் படம் நின்று, வேலையும் போச்சு. இருந்த ஒரே தங்கமான தோட்டைக் கழற்றப் போனாள்.

சௌமியா அவள் கையைப் பிடித்தாள். "கொஞ்சம் இரும்மா. சாமி, தகடு ஒட்டின போன் ஒண்ணு இங்க வைங்க. பக்கத்துல தகடில்லாத என் போனையும் வைக்கறேன்."

இரண்டிலும் 5ஜி.

சித்தர் அசரவில்லை. "அருள் தொத்திக்கிச்சும்மா! பக்கத்துப் போன்ல இருந்து பரவிடுச்சு."

"அப்ப ஊருக்கே ஒரு தகடு போதுமே சாமி! எதுக்கு இத்தன பேரு தோட்டை வாங்குனீங்க?"

கொட்டகையே குலுங்கிச் சிரித்தது. துணி வியாபாரி பஷீர் அஹமது தன் போன் தகட்டைப் பிய்த்து எறிந்தார். "அட, இப்பவும் 5ஜிதான்யா காட்டுது!"

"காட்டாம என்னாங்க பண்ணும்?" என்றாள் சௌமியா. "மேல பாருங்க. கம்பெனி சோதனைக்குப் போட்ட 5ஜி டவரு."

கொட்டகைக்கு நேர் பின்னால், பனைமரத்தைவிட உயரமாக நின்றது அது. வரிசையில் நின்றவர்கள் தினமும் அதன் நிழலில்தான் வியர்வை துடைத்தார்கள். ஒருத்தராவது நிமிர்ந்து யோசிக்க வேண்டுமே!

சித்தர் செருப்பைத் தேடுவதற்குள் பஷீர் போலீசுக்குப் போன் போட்டுவிட்டார். முதல் ரிங்கிலேயே கிடைத்தது. சிக்னல் அவ்வளவு பிரமாதம். மிஞ்சிய நகைகளோடு சித்தரும் ஸ்டேஷனுக்குப் போனார். மங்கம்மாவின் தோடு மட்டும் காதைவிட்டு நகரவில்லை.

மறுநாள் சௌமியா காலிக் கொட்டகையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினாள். வேலை கிடைத்தது.

சாயங்காலம் போய்ப் பார்த்தால், அந்த நாற்காலிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். மூன்று பேர் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள்.

அட என் மக்களே! 5ஜி எந்த ஊருக்கு என்பதைக் கம்பெனி யோசிக்கட்டும். மற்றதையாவது நாம் யோசிக்கக் கூடாதா?