வேலாயுதம் ஐயா கழித்த ஒன்பது கிலோ

நான் வாழ்க்கையில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டது கொஞ்சம்தான். வாயை மூடிக்கொண்டிருந்து மாட்டிக்கொண்டதுதான் அதிகம். அதில் ஒரு தடவை, வருங்கால மாமனாரோடு சேர்ந்து தேயிலைக் கொழுந்துக் குவியலில் தலைகுப்புற விழும் அளவுக்குப் போய்விட்டது. அதுவும் எழுபது எண்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, பட்டப்பகலில்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. நோர்வூட் பஜாரில் ஒரு போன் கடையில் ரிப்பேர் வேலை. உடைந்த கண்ணாடியோடு ஒரு போனைக் கொண்டுவந்து கொடுத்த சுகந்தியிடம், ஒரு மணி நேர வேலைக்கு நான்கு நாள் தவணை சொன்னேன். (நான்கு நாளும் வந்து கேட்டாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை.) இரண்டு வருஷத்தில் விஷயம் அவளுடைய அப்பாவின் காதுக்குப் போய்விட்டது. அப்பா யார் என்றால், பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் கணக்கப்பிள்ளை வேலாயுதம் ஐயா. முப்பது வருஷமாக மடுவம் என்ற நிறுவைக் கொட்டகையில் கொழுந்து நிறுத்துப் பதிகிறவர். அவர் மடுவத்துக்குள் நுழைந்தால், தராசில் தொங்கும் சாக்குகூட ஆடாமல் நிற்கும் என்பார்கள்.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். ஏற இறங்கப் பார்த்தவர், பிறகு முற்றத்தில் நின்ற என் மோட்டார் சைக்கிளையும் ஏற இறங்கப் பார்த்தார்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூன்று செத்த வண்டிகளிலிருந்து பிறந்த வண்டி அது. சட்டம் ஒரு பழைய ஜப்பான் பைக்கினுடையது, இன்ஜின் இன்னொன்றினுடையது. முன்பக்கத்து இரண்டு நீளக் குழாய்களும் மூன்றாவதிலிருந்து கழற்றியவை. ஹட்டனில் ஒரு தகர வேலைக்காரரிடம் சொல்லிப் பெட்ரோல் டேங்க் அடித்து வாங்கினேன். 'கஸ்டம் பைக்' என்று நான் சொல்லிக்கொண்டேன். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகள் 'டகடக' என்றார்கள். அதில் ஒரு மைல் போனால் முதுகெலும்பில் எத்தனை கணு என்று எண்ணிவிடலாம்.

"ஒங்க வீட்டப் பாக்கணும் தம்பி. ஒங்க அம்மாகிட்டயும் நாலு வார்த்த பேசணும்," என்றார் ஐயா. "வட்டகொடைக்கு ரெண்டு பஸ்ஸு மாறிப் போக எனக்கு முதுகு தாங்காது. ஒங்க வண்டியிலயே கூட்டிட்டுப் போங்க. போயி எறங்குறப்ப என் முதுகு நேரா இருந்துச்சுன்னா மத்தத பேசலாம்."

கதவுக்குப் பின்னால் நின்ற சுகந்தியின் முகம் சுண்டிப் போனது. அவளை ஒரே ஒரு தடவைதான் அந்த வண்டியில் ஏற்றியிருக்கிறேன். இறங்கியபோது, இனிமேல் நடந்தே வருகிறேன் என்று சொன்னவள் அவள்.

அன்று மாலையே நோர்வூட்டில் சுனில் பாஸின் கராஜில் போய் நின்றேன். அந்த வண்டிக்கு உயிர் கொடுத்த சிங்கள மெக்கானிக் அவர். தமிழும் சிங்களமும் கலந்து, பொறுமையாக விளக்கினார். முன் குழாய் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஸ்பிரிங், கீழே எண்ணெய். ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு துண்டு இரும்புக் குழல் அதை அழுத்திக்கொண்டிருக்கும். குழல் நீளமாக இருந்தால் முன்பக்கம் கல்லு மாதிரி இருக்கும். வெட்டிக் குறைத்தால் மெத்தை மாதிரி ஆகும். அதிகம் குறைத்துவிட்டால், பிரேக் பிடித்ததும் வண்டி மூக்கைத் தரையில் தேய்க்கும்.

"பின்னால ஏறுற ஆளோட கரெக்ட் வெயிட்டு வேணும்," என்றார். "நீ முன்னால இருக்கணும், பின்னால அந்த வெயிட்டுக்கு மூட்ட வைக்கணும், அப்புறம்தான் வெட்டணும்."

அடுத்த நாள் பின்னேரம் மடுவத்துக்குப் போனேன். மழை விட்டிருந்த நேரம். கடைசி நிறுவை முடிந்து பெண்கள் கூடைகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மென்று முழுங்கி ஒருவழியாக விஷயத்தைச் சொன்னேன். ஐயா கோபப்படவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படிக் கேளு! கணக்குன்னா கணக்கா இருக்கணும்," என்றவர், அங்கேயே ஒரு கொழுந்துச் சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டச் சொல்லி, அதற்குள் ஏறி உட்கார்ந்தார். தூளியில் போட்ட பிள்ளை மாதிரி, கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு, மீசையோடு தொங்கினார். பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

தராசு முள் தொண்ணூற்றொன்றில் நின்றது. நான் என் கண்ணால் பார்த்தேன்.

"தொண்ணூத்தொண்ணுங்க ஐயா."

"சாக்குக்கு ரெண்டு கழி," என்றார் தொங்கிக்கொண்டே. சரி, சாக்கு இருக்கிறது, நியாயம்தான். "மழ பேஞ்சிருக்கு, தண்ணிக்கு நாலு."

நான் விழித்தேன். அவர் சட்டை நனைந்திருந்தது உண்மை. ஆனால் நாலு கிலோ தண்ணீரைக் குடித்த சட்டையை நான் கண்டதில்லை.

அப்போது பின்னாலிருந்து பாக்கியம் அக்கா குரல் கொடுத்தார். அந்த மலையிலேயே வேகமாகக் கொழுந்து எடுக்கிறவர், வாயும் அதே வேகம். "முத்தலுக்கும் கழிங்க ஐயா! எங்க கொழுந்துல மட்டுந்தான் முத்த இல இருக்கா?"

ஐயாவுக்குக் கேலி புரியவில்லை. ஐம்பத்தெட்டு வயசையும் சீனி வியாதியையும் ஒரு கணம் யோசித்தார். எடையைக் குறைக்காவிட்டால் இனிமேல் வராதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அதுவும் சரிதான். முத்தலுக்கு மூணு. எண்பத்திரெண்டு. எழுதிக்கங்க தம்பி."

எழுதிக்கொண்டேன். இதுதான் நான் விழுங்கிய உண்மை. என் அம்மா வட்டகொடையில் கொழுந்து எடுத்தவர். சாக்குக்கு, தண்ணிக்கு, முத்தலுக்கு என்று கழித்தது போக மிச்சக் கிலோவுக்குக் கிடைத்த கூலியில் வளர்ந்த உடம்பு இது. கழிவு என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. பெண் கேட்க வந்தவன், பெண்ணைப் பெற்றவரைப் பார்த்து 'உங்கள் எடை தப்பு' என்று எப்படிச் சொல்வது?

சுனில் பாஸ் கராஜில் நான் முன்னால் ஏறி உட்கார, பின்னால் எண்பத்திரண்டு கிலோவுக்கு உர மூட்டைகளை அடுக்கிக் கட்டினார். குழாயில் ஒரு ரப்பர் பட்டியைப் போட்டு, எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தார். இரும்பறுக்கும் வாளைக் கையில் எடுத்தவர் ஒரு கணம் நிறுத்தினார்.

"பர ஹரித, மல்லி?" (எடை சரியா, தம்பி?) "யாருமே உண்ம வெயிட்டு சொல்லமாட்டாங்க. நான் எப்பவும் பத்து கிலோ கூட்டித்தான் வெட்டுவேன்."

என் வாய் அப்போது மட்டும் நன்றாகத் திறந்தது. "கூட்ட வேணாம் பாஸ். அவரு கணக்கப்பிள்ளை. முப்பது வருஷமா தராசு பிடிக்கிறவரு. அவரு கணக்கு தப்பவே தப்பாது. நல்லா மெத்துனு வேணும், முதுகு வலிக்கார மனுஷன்."

பாஸ் கூட்டவில்லை. எண்பத்திரண்டுக்கே வெட்டினார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் வேலாயுதம் ஐயா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, விபூதி, அதற்கு மேல் ஹெல்மெட் சகிதமாக வந்து ஏறினார். அவர் மனைவி வண்டிக்கு முன்னால் சூடம் காட்டி எலுமிச்சம்பழம் நசுக்கினார். சுகந்தி வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையில், இரண்டு வருஷக் காதலும் இந்த வண்டிமீது அவளுக்கு இருந்த அவநம்பிக்கையும் சரிபாதியாக இருந்தன.

கிளம்பினோம். என்ன ஆச்சரியம்! வண்டி மிதந்தது. கல்லும் குழியுமான தோட்டத்து ரோட்டில், டகடகவா இது என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஐயா என் முதுகைத் தட்டினார்.

"பஞ்சு மெத்தையில உக்காந்த மாதிரி இருக்கு தம்பி!"

வாடைக்குளிர் காலையில் எனக்கு வியர்த்தது, சந்தோஷத்தில். ரோடு மடுவத்தை நோக்கிக் கீழே சரிந்தது. காலை நிறுவை நேரம். பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஐயாவுக்கு உற்சாகம் பொங்கியது. "நீங்க பொறுப்பான ஆளுதான். எனக்குத் திருப்தி. ஒங்க அம்மாவும் சரின்னு சொல்லிட்டாங்கன்னா, கல்யாணத்த தை மாசத்துலயே..."

மடுவத்துக்குப் பின்னாலிருந்து கொழுந்து லொறி ரிவர்ஸில் வந்தது. பிரேக் பிடித்தேன்.

மூட்டைக்கும் மனுஷனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மூட்டை பயப்படாது. பயத்தில் முன்னால் சறுக்கி வந்து, ஓட்டுகிறவனைக் கட்டிப்பிடித்து, "அய்யோ முருகா!" என்று கத்தாது. தொண்ணூற்றொரு கிலோவும் மொத்தமாக முன்னால் வந்தது. வண்டியின் முன்பக்கம் இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது. குழாய்களுக்குள் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு எனக்குத் தெரிந்தது வானம் மட்டும்தான், அதுவும் கால் பக்கத்தில்.

கண்ணைத் திறந்தபோது நான் சிமெந்துத் தரையில் கொட்டி வைத்திருந்த கொழுந்துக் குவியலில் கிடந்தேன். உயிர் இருந்தது. பல்லை நாக்கால் எண்ணினேன், அதுவும் இருந்தது. பக்கத்தில் ஐயா மல்லாந்து கிடந்தார், ஹெல்மெட்டுக்குள் இரண்டிலையும் ஒரு மொட்டுமாக. வண்டி தனியாகப் போய், முன் சக்கரம் மழைத்தண்ணீர்க் கானுக்குள் இறங்கி, மடுவத்துத் தூணில் சாய்ந்து நின்றது. வளைந்த குழாய்கள் அடியோடு சிக்கிக்கொண்டதால் அதன் தலை நிமிரவேயில்லை. ஐயாவின் காலுக்கு நேரே குனிந்த தலையோடு நின்றது.

எழுபது எண்பது பேர் மூச்சுக்கூட விடவில்லை. ஐயா அசையவில்லை. முடிந்தது, மாமனாரைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

மெதுவாக ஐயா எழுந்து உட்கார்ந்தார். இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். முதுகு நேராகத்தான் இருந்தது. சுற்றிலும் அப்பாடா என்று எல்லோரும் விட்ட மூச்சு எனக்கே கேட்டது. பாக்கியம் அக்காவின் குரலும் கூடவே வந்தது.

"கழிச்ச கிலோவெல்லாம் ஒண்ணாச் சேந்து வந்து முன்னால ஏறிக்கிச்சு போலயே!"

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கப் பயம். ஐயா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அன்னைக்கு முள்ளு எதுல நின்னுச்சு?"

"தொண்ணூத்தொண்ணுங்க ஐயா."

"நான் எவ்வளவு சொன்னேன்?"

"எண்பத்திரெண்டு."

"தப்புன்னு தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

அடுத்து என் வாயிலிருந்து வந்ததை நான் யோசித்துப் பேசவில்லை. தலை அடிபட்டிருந்ததுதான் காரணம் என்று இன்றுவரை நம்புகிறேன்.

"நீங்க கழிச்சா யாருங்க ஐயா எதுத்துச் சொல்லியிருக்காங்க? எங்க அம்மாவும் அவங்க மடுவத்துல சொன்னதில்ல."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று எனக்கே உறைத்தது. போச்சு, சுகந்தி போயாச்சு, தை போயாச்சு. ஐயா வரிசையில் நின்ற பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஈரக் கூடைகளைப் பார்த்தார். கடைசியில் எதிரே தலைகுனிந்து நின்ற வண்டியை வெகுநேரம் பார்த்தார். வேட்டியில் ஒட்டியிருந்த கொழுந்தைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"நிறுக்க ஆரம்பிங்க," என்றார் தராசுப் பக்கம் நின்ற கங்காணியிடம். "இன்னைக்கு சாக்குக்கு மட்டும் கழிங்க. தண்ணிக்கு வேணாம், முத்தலுக்கும் வேணாம்."

பிறகு என்னைப் பார்க்காமலே, "தை மாசத்துலயே வச்சிக்கலாம். வட்டகொடைக்கு பஸ்ஸுலயே போவோம்," என்றார்.

அந்தப் புண்ணியம் அன்றோடு முடிந்துவிட்டது என்றால் நீங்கள் நம்புவீர்கள். அதுதான் உண்மையும். மறுநாளே பழையபடி தண்ணிக்கு நாலு என்று ஆரம்பித்தார். ஆனால் வரிசையில் எங்கிருந்தோ ஒரு குரல், மெதுவாக, "டக டக டக டக" என்றது. யார் என்று தெரியாது. அவர் பேனா நின்றது. நாலு இரண்டானது. பென்ஷன் வாங்கும் வரைக்கும் அந்த மடுவத்தில் தண்ணிக்கு இரண்டுக்கு மேல் கழிக்க அவரால் முடியவில்லை. மழைக்காலத்தில் அந்த டகடக சத்தம் அடிக்கடி கேட்டதாக என் மனைவி சொல்கிறாள்.

கல்யாணத்தில் பாக்கியம் அக்கா பந்தியில் வைத்துச் சொன்னது இன்றைக்கும் எந்த விசேஷத்திலும் தப்பாமல் வரும்: "மாப்பிள்ளைக்கு வெக்கம். அதான் வண்டி கால்ல விழுந்து பொண்ணு கேட்டுச்சு." இப்போது எனக்கு மாமாவாகிவிட்ட ஐயா எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக.

எங்கள் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் தாதி மிஸ் அவளைத் துண்டில் சுற்றித் தராசில் வைத்தார். "துண்டோட மூணு கிலோ இருநூறு," என்றார். கட்டிலில் கிடந்த சுகந்தி, அவளுடைய அம்மா, நான், மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பி மாமாவைப் பார்த்தோம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி சொன்னார்:

"துண்டுக்கும் கழிக்க வேணாம் மிஸ். அப்படியே இருக்கட்டும்."