ஜெயகரன் தட்டுக்குப் போன நல்லி எலும்பு

ஆம்பூர்,
ஆகஸ்ட் 1981

சத்துவாச்சாரியில் வாசம் செய்யும் பிரியமான மாமா சத்தியநாதன் அவர்களுக்கு, மைத்துனன் ஏசடியான் எழுதும் ஸ்தோத்திரங்கள். கர்த்தர் கிருபையால் இவ்விடம் அனைவரும் சுகம். அக்காவின் மூட்டுவலி குறைய ஜெபிக்கிறோம்.

நான் அன்றைக்கே சொன்னேன். ஆம்புலன்ஸில் போகிற பையன் உங்கள் மகள் கிருபாவுக்கு வேண்டாம், அவன் காலடி வைத்த இடத்தில் யாராவது விழுவார்கள் என்றேன். விழுந்தார்கள்.

"பையன் எப்படி, பார்த்து எழுது" என்றீர்களே, அதற்காக அந்த ஜெயகரனைச் சனிக்கிழமை பிரியாணிக்குக் கூப்பிட்டு, அதற்கு முன் எங்கள் தோல் டேனரியையும் சுற்றிக் காட்டினேன். அங்கே முதலுதவிப் பெட்டியின் சாவி என்னிடம்தான், பாதி டாக்டர் என்றுதான் எனக்குப் பேர், அது உங்களுக்கே தெரியும். கேட் பக்கம் வரும்போது என்கூட வேலை செய்யிற சாமிநாதன், அவனையும் விருந்துக்குச் சொல்லியிருந்தேன், திடீர்னு வேர்த்து, கைகால் உதறி, உளறிக்கிட்டே சரிஞ்சான். "வலிப்பு, வலிப்பு"ன்னு ஆளாளுக்குச் சாவிக்கொத்தைக் கையில திணிக்கிறாங்க, செருப்பை மூக்குல வைக்கிறாங்க. நான் தோல் ரகம் பிரிக்கிறவன், செருப்போட நிறுத்துவேனா? குடோனுக்கு ஓடி, ஈர ஆட்டுத்தோலா பார்த்து எடுத்தாந்து மூஞ்சியிலேயே போர்த்திட்டேன். அந்த நாத்தம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகலை மாமா.

இந்த ஜெயகரன் இன்னா பண்ணான்? தோலைத் தூக்கி எறிஞ்சான்! "அண்ணே, அவர் மூச்சு விடணும், தள்ளுங்க"ன்னான். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, பெல்ட்டைத் தளர்த்தி, கழுத்துல ரெண்டு விரல் வச்சுப் பார்த்தான். சோடா ஊத்த வந்தவனை, "இப்ப வாயில ஊத்தினா புரை ஏறிடும்"னு தடுத்தான். "காலையில இன்னா சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டா, பதில் "பிரியாணி, பிரியாணி"ன்னு வருது. சட்டைப் பையில சர்க்கரை வியாதி மாத்திரை. விருந்துக்கு வயித்துல இடம் விடணும்னு பட்டினியா கிடந்து மாத்திரையை மட்டும் முழுங்கியிருக்குது ஆசாமி, உடம்புல சர்க்கரை ஒரேயடியா இறங்கிடுச்சாம்! டீக்கடையில கொஞ்சம் சர்க்கரை வாங்கி, கன்னத்தோட உள்பக்கம் மெள்ளத் தேய்ச்சான். கண்ணு திறந்திச்சு. இதுக்குப் போய் ஒரு படிப்பாம்! டாக்டர் வீடு வரைக்கும் ஜட்கா வண்டியில கையை விடலை, "நான் இருக்கேன், பயப்படாதீங்க"ன்னு ஒரே பாட்டு.

அப்புறம் பேஜார் ஜாஸ்தி ஆயிடுச்சு. டாக்டர் அவன் கையைக் குலுக்குறார். முதலாளி குர்ஷித் சாயபு என்கிட்ட சாவியை வாங்கி, "தம்பி, எங்க பெட்டியைக் கொஞ்சம் பாருங்க"ன்னு அவன்கிட்ட குடுக்கிறார். உள்ள இருந்தது என் மூக்குப்பொடி டப்பாவும் சீட்டுக்கட்டும். சரி, வீட்டுக்கு வந்தா, கல்யாணம் ஆன நாள் முதலா என் தட்டுக்கே வந்த நல்லி எலும்பை மரியம்மாள் அவன் தட்டுல வைக்கிறா! இன்னாத்துக்குடின்னு கேட்டா முந்தானையால கண்ணைத் தொடைக்கிறா.

ஆகையால் மாமா, இந்தச் சம்பந்தம் வேண்டாம். அக்காவுக்கு நமஸ்காரம், கிருபாவுக்கு என் ஆசீர்வாதம், உங்கள் குடும்பத்தைக் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
ஏசடியான்

பின்குறிப்பு: மரியம்மாள் இதைப் படிச்சிட்டுக் கரண்டியோட பக்கத்துல நிக்கிறா. கிருபாவுக்கு அவனையே முடிங்க மாமா. தோலுக்கு அடியில கும்மிருட்டா இருந்திச்சு, ரொம்ப பயந்துட்டேன். போர்த்தினவன் சாமிநாதன், விழுந்தது நான். அந்த ரெண்டு பேரைத்தான் மாத்தி எழுதினேன், மத்ததெல்லாம் நிஜம், நல்லி எலும்பு உட்பட.