டிக்ளேரும் ரோடில்லாத ஊரும்

சாப்பிட உட்காரும்போதுகூட முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு உட்காரும் ஆசாமி உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கொல்லிமலையில் எனக்கு எதிர் மேஜையில் இருந்தார். ஆபீசே அவரை 'டிக்ளேர்' என்றுதான் கூப்பிட்டது. அந்த மலையிலேயே குண்டூர் நாடு என்கிற பகுதிக்காரர். என் வயசுதான்.

மருத்துவ ஜீப் என்றைக்கு எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுத வந்த ஒப்பந்த ஊழியர்கள் நாங்கள். நாங்கள் புரோகிராம் எழுதிய மொழியில் விதிகளைப் போட்டால் போதும், எது எதோடு ஒத்துவரும் என்று அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் என்னென்ன வரப்போகிறது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை விவரம், எது தெரிந்தது, எது தெரியாதது என்று ஆரம்பத்திலேயே அறிவித்துவிட வேண்டும். இதற்குப் பெயர்தான் 'டிக்ளேர்'. அறிவிக்காத விவரம் அதன் கணக்கில் கிடையாது.

டிக்ளேருக்கு இது உடம்பில் ஊறிவிட்டது. சோளக்காடு ஸ்டாப்பில் பஸ் ஏறினால் கண்டக்டரிடம், "ஆளு ஒண்ணுங்க. எறங்குற எடம் தெரியும். போய்ச் சேர்ற நேரம் தெரியாதுங்க" என்பார். மெஸ்ஸில், "எலை ஒண்ணுங்க. சோறு தெரியும். கொழம்பு என்னன்னு தெரியாதுங்க." பரிமாறுகிறவருக்கும் தெரியாது.

நானோ கீழே நாமக்கல் பக்கம் இன்ஜினியரிங் படித்த மேதை. 'ஊர்' என்பதற்குப் பெயர், நாள் என்று இரண்டே விவரம் அறிவித்தேன்.

"ஏனுங்க சார், ரோடு உண்டா இல்லையான்னு மூணாவதா ஒண்ணு போட்ருங்க" என்றார் டிக்ளேர்.

"ரோடு இல்லாத ஊர் எங்கேய்யா இருக்கு?" என்றேன். கொல்லிமலையில் உட்கார்ந்துகொண்டு கேட்டேன்.

முதல் நாளே, டாக்டரம்மாவோடு நானும் ஏறிப் போன ஜீப் திண்ணனூர் நாட்டுப் பகுதியில் ரோடு முடிந்த இடத்தில் நின்றுவிட்டது. ஊர் மேலே இருந்தது. டாக்டரம்மா முன்னால் நடந்தார். மருந்துப் பெட்டி என் தலையில். சர்க்கரை மாத்திரைக்குக் காலையிலிருந்து காத்திருந்த பெரியவர் ஒருவர், எனக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்து, "பாவம், இந்தச் சாமிக்கு மொதல்ல பாருங்கம்மா" என்றார்.

மறுநாள் ஆபீசர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அந்த வாரம்தான் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். வேலை போயிற்று என்று துணிமணியெல்லாம் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.

"யாருய்யா இதுக்குப் பொறுப்பு?"

நான் வாயைத் திறப்பதற்குள் டிக்ளேர் எழுந்தார்.

"தப்பு ஒண்ணுங்க சார். ஆளு ரெண்டு. ரெண்டும் தெரியும். ஒண்ணு இவரு, இன்னொண்ணு நானுங்க."

இரண்டு பேரையும் அனுப்பிவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரை யார் தொடுவது என்று ஆபீசர் யோசித்திருப்பார் போல. "போய் மாத்துங்கய்யா" என்றார்.

வெளியே வந்ததும், "நீங்கதான் அன்னிக்கே சொன்னீங்களே, உங்க மேல என்ன தப்பு?" என்று கேட்டேன்.

"ஒரு தடவதானுங்க சொன்னேன். ரெண்டாந்தடவ சொல்லலீங்களே."

மூன்றாவது விவரத்தை அன்றைக்கே சேர்த்துவிட்டேன். ஆனால் அந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை மட்டும் இன்னும் அவரிடம் அறிவிக்கவில்லை.