மிஸ் வனஜாவைப் பற்றி நான் விசாரித்த லட்சணம்

வீட்டில் ஒருவனுக்குப் ‘படித்தவன்’ என்று பெயர் வந்துவிட்டால் அதன்பிறகு அவனுக்கு ஓய்வே கிடையாது. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் மயிலாப்பூர் வீட்டில் அந்தப் பெயர் எனக்கு. (பி.எஸ்ஸி. தாவரவியல். மூன்றாம் வகுப்பு.)

அக்காவுக்குக் குழந்தை பிறந்ததிலிருந்து பேச்சு நின்றுபோயிருந்தது. சுவரைப் பார்த்தே படுத்திருப்பாள். குழந்தை அழுதாலும் திரும்ப மாட்டாள். மனநல டாக்டர் மருந்து எழுதிவிட்டு, “எங்க சோஷியல் ஒர்க்கர் மிஸ் வனஜா வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து பேசுவாங்க. அதுதான் முக்கியம்” என்றார்.

“யாரு, என்ன படிச்சிருக்கா, ஒண்ணும் தெரியாம ஆத்துக்குள்ள விடறதா?” என்றார் அப்பா.

“நான் விசாரிச்சுண்டு வரேன்!” என்று குதித்தேன்.

ஆஸ்பத்திரியிலேயே கேட்டிருக்கலாம். கேட்டேன்: அவர் எந்தத் தெரு என்று மட்டும். எங்கள் குடும்பத்துக்கு ஒரு பெண்ணைப் பற்றி விசாரிக்கத் தெரிந்த வழி ஒன்றுதான், அக்கம்பக்கம். வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக ராஜா அண்ணாமலைபுரத்துக்கு சைக்கிளை மிதித்தேன்.

தெருமுனை இஸ்திரிக்காரரிடம், “வனஜா எப்படிப்பட்டவங்க?” என்றேன்.

“தங்கமான பொண்ணு நைனா. நீ இன்னா பண்ணிக்கினு கீறே?”

“வேலை தேடிண்டிருக்கேன்.”

அவர் முகம் வாடியது. (ஏன் வாட வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை.)

அடுத்து எதிர்வீட்டு மாமி. “பொறுமை உண்டா? கோபம் வருமா?” என்றேன். மாமி தெருவைத் தாண்டி வனஜா வீட்டுக்கு ஓடினார். “பையனே நேர்ல வந்துட்டான்!” என்ற குரல் மட்டும் கேட்டது.

அரை மணியில் நான் வனஜா வீட்டுக் கூடத்தில். கையில் சொஜ்ஜி. அவர் அப்பா கோத்திரம் கேட்டார், நட்சத்திரம் கேட்டார். வீட்டில் இருப்பவர்களே நோயாளியின் குடும்ப விவரத்தை இவ்வளவு ஆழமாக விசாரிக்கிறார்களே, மிஸ் வனஜா எவ்வளவு கெட்டிக்காரராக இருக்க வேண்டும் என்று வியந்து, இரண்டாம் தரமும் சொஜ்ஜி வாங்கிக்கொண்டேன்.

“தப்பா நினைக்கப்படாது. உங்காத்துல யாருக்காவது மனசு சரியில்லாம...?”

“ஆமாம் மாமா, அக்காவுக்கு!” என்றேன் உற்சாகமாக. “அதுக்குத்தானே வந்திருக்கேன்!”

பஜ்ஜித் தட்டு அந்தரத்தில் நின்றது. வாசலில், தோளில் கைப்பையுடன், வேலையிலிருந்து திரும்பிய மிஸ் வனஜாவும் நின்றார்.

நான் உளறி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். (பொறுமை உண்டு.) பிறகு, “நான் படிச்சது, பயிற்சி எடுத்தது எல்லாத்துக்கும் அத்தாட்சி ஆஸ்பத்திரி ஆபீஸ்ல இருக்கு. கேட்டா காட்டுவா. இஸ்திரிக்காரர்கிட்ட இருக்காது” என்றார்.

இனி வர மாட்டார். அக்காவுக்கு இருந்த ஒரு வழியையும் நானே அடைத்துவிட்டேன். சைக்கிளை மயிலாப்பூர் வரை உருட்டிக்கொண்டே வந்தேன்.

வியாழக்கிழமை வந்தார். நேரே அக்காவின் அறைக்குள் போனார். கதவு ஒருக்களித்திருந்தது. நெடுநேரம் அவர் குரல் மட்டும் தணிவாகக் கேட்டது. அப்புறம் துருப்பிடித்தாற்போல் இன்னொரு குரல்:

“சொஜ்ஜி சாப்பிட்டானா?”

“ரெண்டு தரம்.”

அம்மா சமையலறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மருந்தும் பேச்சுமாக அக்கா முழுக்கத் தேற ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இன்று வீட்டில் பல் டாக்டரோ குழாய் ரிப்பேர்க்காரரோ யார் தேவைப்பட்டாலும், “தம்பியை அனுப்புங்கோ, சொஜ்ஜி சாப்பிட்டு விசாரிச்சுண்டு வருவான்” என்கிறாள். கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. ஆனால் ஒருநாளும் அவளைப் பேசாதே என்று சொன்னதில்லை.