தோட்டத்துக்கு வயது பார்த்த கதை

பழைய வீடுகளின் அழகைக் காப்பாற்ற ஓர் அலுவலகம் இருந்தது. சுவர், கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் காப்பாற்றித் தீர்த்துவிட்டதால் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. எனவே தோட்டங்களைக் காப்பாற்றப் புறப்பட்டது. வீடு எந்தக் காலத்ததோ, செடியும் அந்தக் காலத்ததாகவே இருக்க வேண்டும் என்று உத்தரவு பிறந்தது.

அதிகாரி முதலில் நுழைந்தது தையற்காரர் வீட்டில். அவருடைய தாத்தா கட்டிய வீடு. முன்புறம் குரோட்டன்ஸ், தக்காளி, எல்லாவற்றுக்கும் குடை பிடித்தாற்போல ஒரு கொய்யா மரம். தையற்காரரின் மனைவி கல்யாணமாகி வந்த வருஷம் நட்டது. தெருவில் பாதிப் பேர் அதன் பழத்தைக் கேட்டுத் தின்றவர்கள். மீதிப் பேர் கேட்காமல் தின்றவர்கள்.

"குரோட்டன்ஸ் பின்னால வந்த நாகரிகம். எடுத்துடுங்க," என்றார் அதிகாரி.

"தக்காளி?"

"அந்தக் காலத்துத் தக்காளி இவ்வளவு உருண்டையா இருக்காது."

மனைவி மரத்தை ஒட்டி நின்றுகொண்டாள். "கொய்யா அப்பவும் இருந்துச்சே, சார்."

"கொய்யா இருந்துச்சும்மா. இந்தக் கொய்யா இருந்துச்சா?"

"அப்ப வீட்டு வயசுல ஒரு மரத்தைக் கொண்டுவந்து நடணுமா?"

"நட்டா, நட்டது இந்த வருஷம்னு ஆயிடுமே."

வாடிக்கையாளர்கள் இடுப்பளவைக் குறைத்துச் சொன்னாலும் பேசாமலிருந்து பழகிய தையற்காரருக்கு அன்று வாய் நிற்கவில்லை. "அப்படிப் பார்த்தா, வீடு கட்டி முடிச்ச அன்னிக்கு இங்க ஒரு புல்லுகூட இருந்திருக்காது சார். வெறும் மண்ணும் உடைஞ்ச செங்கல்லும்தான். அதையே தோட்டம்னு வெச்சுக்கலாமா?"

குத்தலாகத்தான் சொன்னார். அதிகாரியோ அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க ஆபீஸ்ல இதை யாருக்கும் சொல்லத் தெரியல சார்."

மறுவாரம் ஆட்கள் வந்து கொய்யாவை வெட்டினார்கள். மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "ஊர்த் துணியெல்லாம் தைச்சீங்க. உங்க வாயைத் தைக்க ஆளில்லாம போச்சு," என்று குரல் மட்டும் வந்தது.

வெறும் மண்ணுக்கு 'மூலநிலைத் தோட்டம்' என்று பித்தளைப் பலகை மாட்டினார்கள். பார்க்க வந்தவர்கள், "என்ன எளிமை," என்று மூக்கில் விரல் வைத்தார்கள். பழத்துக்காக ஒரு வாரம் வருத்தப்பட்ட தெருக்காரர்கள், எட்டாவது நாள் தங்கள் செடிகளைப் பிடுங்கினார்கள். கடையில் பாரம்பரிய மண் வந்தது. கையால் உடைத்த செங்கல் என்றால் தனி மரியாதை.

தையற்காரர் முதலில் தலைகுனிந்து நின்றார். பிறகு பார்க்க வந்த ஒருவருக்கு விளக்கம் சொன்னார். சொல்லச் சொல்லக் குரலில் கம்பீரம் ஏறியது. கௌரவ ஆலோசகர் பதவி வந்தபோது மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. மழைக்கு முளைத்த புல்லைக் காட்டி ஒரு வீட்டுக்காரரைக் கண்டித்தார்: "தானா வந்தாலும் அனுமதி இல்லாம வந்ததுதானே?"

அவருக்குப் பாராட்டு விழா வந்தது. தெருவில் நிற்க நிழலில்லை. அதனால் விழா அலுவலக வளாகத்தில் நடந்தது. அது புதுக் கட்டடம், உத்தரவு பொருந்தாது, சுற்றிலும் மரங்கள். மனைவி அந்த நிழலில் சுகமாக உட்கார்ந்து, கணவர் வெறும் மண்ணின் மகிமையைப் பேசியதைக் கேட்டாள். ஊரே கைதட்டியது.

பக்கத்து வீட்டுக்காரி வெயிலில் நடந்துவந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவள் காதருகே சாய்ந்தாள். "எல்லாம் சரிதான். இந்த மரங்களை மட்டும் எடுத்துட்டா இடம் எவ்வளவு எடுப்பா இருக்கும், பாருங்க."