சென் நதிக்கரையில் ஒரு குண்டு

பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தகப்பன் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, அந்தப் பக்கம் தலைகாட்டாமல் இருப்பதுதான். இது எனக்குக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது. புரிந்தபோது பொலிஸ் வந்திருந்தது.

என் மகள் ஆரணியின் வகுப்பு அந்த வருடம் முழுக்க ஆற்றைப் படித்தது. போத்தலில் தண்ணீர் எடுத்து நிறம் பார்ப்பார்கள், கல்லைப் புரட்டி அடியில் என்ன பூச்சி உயிரோடு இருக்கிறது என்று தேடுவார்கள். (நான் யாழ்ப்பாணத்தான். எங்கள் வழுக்கியாற்றை ஆறு என்று சொன்னால் சென் நதி சிரிக்கும்.) ஆர்ஜொந்தெய் பக்கம் போய்க் கரையைத் துப்புரவாக்கப் போகிறோம், பெற்றோர் யாராவது கூட வர முடியுமா என்று ஆசிரியை மதாம் கிளேர் கேட்டார். லா ஷப்பலில் ஒரு தமிழ் உணவகத்தில் சமையல் செய்பவன் நான். அன்று எனக்கு ஓய்வு நாள். பெயர் கொடுத்துவிட்டேன்.

"அப்பா, அங்கை வந்து சும்மா நில்லுங்கோ. ஒண்டும் கதையாதேங்கோ. சில் தூ ப்ளே," என்று ரயிலில் ஆரணி கெஞ்சினாள்.

"நான் ஏன் கதைக்கிறன்?" என்றேன்.

கரையில் பிள்ளைகளுக்குக் கையுறையும் நீளக் காம்பு வைத்த வலையும் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் பைகள், தகரப் பேணிகள், ஒற்றைச் சப்பாத்து என்று குப்பை குவிந்தது. லீனா என்ற சிறுமியின் வலை மட்டும் சேற்றில் எதிலோ கொளுவிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. என்னைப் பார்த்தாள். கிட்டப் போய்க் குனிந்தேன்.

சேற்றுக்கு வெளியே ஓர் உலோக உருளை நீட்டிக்கொண்டு நின்றது. மேலெல்லாம் பாசி. நுனி கூம்பியிருந்தது.

மூளைக்கு முந்தி வயிறு அதை அடையாளம் கண்டது. சின்ன வயதில் எங்கள் வீட்டு வளவுக்குள் வெடிக்காமல் கிடந்த செல் குண்டும் இப்படித்தான் மூக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது.

லீனாவை அள்ளிக்கொண்டு ஓடினேன். "ஒபூ! ஒபூ!" என்று கத்தினேன். (செல்லுக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர்.) அத்தோடு என் பிரெஞ்சு தீர்ந்துபோனது. "எல்லாரும் படுங்கோ! குப்புறப் படுங்கோ!" என்று தமிழில் அலறினேன்.

அந்த வகுப்பில் தமிழ் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் என் முகத்தைப் பார்த்தாள். மானம் போகிறது, வாயை மூடுங்கோ என்று சொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ நான் சொன்னதை அப்படியே பிரெஞ்சில் திருப்பிக் கத்தினாள். முழு வகுப்பும் புல்லில் விழுந்தது. மதாம் கிளேரும் விழுந்தார், வெள்ளைக் காற்சட்டையோடு.

பொலிஸ் வந்து நாடா கட்டியது. படகுகளை நிறுத்தினார்கள். எங்களைத் தூரத்தில் ஒரு மதிலுக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். சில பிள்ளைகள் அழுதார்கள். ஆரணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நீங்கள் இப்பிடி ஒண்டை முந்தியும் பாத்தனீங்களோ?"

"ஓம். எங்கடை வளவுக்குள்ளை. அப்ப நான் உன்னைவிடச் சின்னன்."

"பயந்தனீங்களோ?"

"ஓம்."

இதையெல்லாம் அவள் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. பிடியை இறுக்கினாள். வெடித்துவிடுமோ என்று எனக்கு நடுக்கம். சொல்ல வெட்கமான இன்னொரு நடுக்கமும் இருந்தது: வெடிக்காவிட்டால்?

வெடிக்கவில்லை. தடித்த கவச உடை போட்ட குண்டு நிபுணர், தலைக்கவசத்தைக் கழற்றியபடி எங்களை நோக்கி நடந்து வந்தார். கையில் அந்த உருளை. கழுவியிருந்தார். கூம்பிய மூடியில் சின்னச் சின்ன ஓட்டைகள். உள்ளே வட்டமான சல்லடைத் தட்டு.

"இது என்னவென்று உங்களில் யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். உணவகத்தில் நான் நாள் தவறாமல் கையில் பிடிப்பது. பேசாமல் இருந்துவிடலாமா என்று யோசிப்பதற்குள் ஆரணி எழுந்து நின்றுவிட்டாள்.

"அப்பா! உது புட்டுக்குழல்!"

அந்த நிபுணருக்கும், பொலிஸுக்கும், முழு வகுப்புக்கும் என் அரைகுறைப் பிரெஞ்சில் புட்டு அவிப்பது எப்படி என்று விளக்கம் சொன்னேன். மா, தேங்காய்ப்பூ, நீராவி. ஓர் இளம் பொலிஸ்காரர் மட்டும் சிரிக்காமல், "அப்படியென்றால் இது வெடிக்கவே வெடிக்காதா?" என்றார்.

"மாவை இறுக்கி அடைத்தால் வெடிக்கும்," என்றேன். (உண்மைதான். ஆனால் அதை அங்கே ஏன் சொன்னேன்?) முன்வரிசை இரண்டடி பின்னால் போனது.

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. கூப்பிட்டது சரிதான், ஆற்றில் உண்மையான குண்டுகளும் கிடைப்பதுண்டு என்றார் நிபுணர். மதாம் கிளேர் திரும்பும் ரயிலில் வெள்ளைக் காற்சட்டையின் புல்கறையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். சென்-லசார் நிலையம் வரும் நேரத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். பிறகு நிறுத்தவே முடியவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் புட்டுக்குப் பெயர் ஒபூ. "ஒபூவுக்கு என்ன கறி?" என்றுதான் ஆரணி கேட்பாள். இதைக் கேட்டே வளர்ந்த சின்ன மகன், புட்டுக்குப் பிரெஞ்சு வார்த்தை அதுதான் என்று நம்பிவிட்டான். போன கிழமை அவனுடைய ஆசிரியை தொலைபேசி எடுத்தார். குரல் ஒரு மாதிரி இருந்தது. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் ஒபூ செய்வதாகவும், சூடு ஆறமுன்னம் மேல்மாடி வீட்டுக்காரருக்கும் இரண்டு கொடுத்தனுப்புவதாகவும் அவன் வகுப்பில் சொல்லியிருக்கிறான்.